தூணைப் பிடித்தபடி நிற்கும் கதாநாயகி

கேள்வி: சரித்திர நாவல் எழுதுகிறேன். 1620, தஞ்சை. ரகுநாத நாயக்கரின் அரண்மனைக்கு வரும் இருபது வயதுப் பெண் நாயகி. அழகி, கவி பாடுவாள். ராஜகுமாரன் காதலிக்கிறான். 1673-ல் அந்தப்புரம் வெடித்துச் சிதறுவதோடு கதை முடிகிறது. படித்த தோழி, "உன் நாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லையே" என்கிறாள். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: தோழியை விட்டுவிடாதீர்கள், நல்ல வாசகி.

கவி பாடுவாள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நேரே காதலுக்குப் போய்விட்டீர்கள். அந்தச் சபையில் கவிதை பெண்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, உத்தியோகம். ராமபத்ராம்பா ராஜாவைப் பற்றி வடமொழியில் காவியமே எழுதினாள். ராஜா தெலுங்கில் பாடிய ராமாயணத்தை மதுரவாணி வடமொழியில் செய்தாள். அந்த வேலை எந்தப் பெண்ணுக்கு என்று ராஜா யோசிக்க, ராமனே கனவில் வந்து மதுரவாணி பெயரைச் சொன்னானாம். சரி, மறுநாள் காலையில் மற்ற பெண் கவிகளின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! உங்கள் நாயகி அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கட்டும். நானாக இருந்தால் நாவலை அங்கேதான் தொடங்குவேன்.

அப்புறம், அவள் வேலை செய்வதைக் காட்டுங்கள். சபையில் ஈற்றடியை மட்டும் கொடுப்பார்கள். மேலே உள்ள மூன்றடியை நின்ற இடத்திலேயே அவள் கட்ட வேண்டும். மூன்றாம் அடியில் சந்தம் இடறுகிறது, பின்னால் யாரோ கனைக்கிறார்கள். இரவில் ஓலையும் எழுத்தாணியும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியக் கரி பூச வேண்டும், விரல் நுனியெல்லாம் கறுப்பு. அந்த விரல்களோடு ராஜகுமாரன் முன்னால் போய் நிற்கட்டுமே. காதல் எங்கே போய்விடும்?

உங்கள் அத்தியாயத்தில் எல்லாரும் செந்தமிழ் பேசுகிறார்கள். அங்கே கொடிகட்டிப் பறந்தது தெலுங்கும் வடமொழியும். தமிழ்ப் பெண்ணுக்கு முதல் நாள் பாதிக் கேலி புரிந்திருக்காது. அந்தத் தவிப்பை விடாதீர்கள்.

வண்ணத்தூண் தர்பார் மண்டபத்தை எடுத்துவிடுங்கள், அது பின்னால் வந்த மராத்தியர் காலத்தது. தக்காளி ரசமும் வேண்டாம், மிளகு ரசம் போதும். 1620 என்பதால் ஒரு வசதி உண்டு: தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனிஷ்காரர்களுக்கு ரகுநாதர் இடம் கொடுத்த ஆண்டு அது. டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் கடிதமே போயிற்று. அரண்மனை அதையே பேசிக்கொண்டிருந்திருக்கும். ஒரு பத்தி போதும், நாயகியைக் கப்பல் பார்க்க அனுப்பாதீர்கள்.

முடிவில்தான் பெரிய சிக்கல். 1620-ல் இருபது என்றால் 1673-ல் எழுபத்து மூன்று. நீங்களோ அவளைக் கூந்தல் பறக்க ஓடவிடப் போகிறீர்கள். ஒன்று, கதையை ரகுநாதரின் மகன் விஜயராகவர் காலத்துக்குத் தள்ளுங்கள். அங்கே கவிதைக்காகக் கனகாபிஷேகம் பெற்ற ரங்காஜம்மா இருக்கிறாள், உங்கள் பெண்ணுக்குச் சரியான போட்டி. இல்லையென்றால் அவளைக் கிழவியாகவே அந்த அந்தப்புரத்தில் உட்காரவையுங்கள். எனக்கென்னவோ கிழவியைத்தான் பிடித்திருக்கிறது.