புதிர் போடுகிறவர் ஏமாற்றலாமா?

வணக்கம். பதினாறு சொற்களைக் கொடுத்து, தொடர்பு கண்டுபிடித்து நாலு நாலாகப் பிரிக்கச் சொல்லும் புதிரைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். நாலு சொல் அழகாகச் சேர்கிறதே என்று அழுத்தினால் தவறு என்கிறது. அப்புறம் பார்த்தால் வேண்டுமென்றே என்னை அந்தப் பக்கம் இழுத்திருக்கிறார்கள். அறிவைச் சோதிக்கட்டும், ஆளை ஏமாற்றுவது எப்படிச் சரியாகும்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஏமாற்றலாம். ஏமாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏமாற்று பிடிபடும் வழியும் புதிருக்குள்ளேயே இருக்க வேண்டும். நல்ல புதிரையும் மட்டமான புதிரையும் நான் பிரிப்பது இதை வைத்துத்தான். ஒன்று போட்டே காட்டுகிறேன், மேலே படிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

ஞாயிறு, ஈயம், விடுதலை, பிறை, கதிரவன், வெள்ளி, மதி, வாடகை, செம்பு, திங்கள், பரிதி, முக்கால், இரும்பு, செவ்வாய், நிலவு, ஆதவன்.

முதலில் கண்ணில் படுவது கிழமைகள்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், வெள்ளி என்று சரியாக நாலு இருப்பதால் சந்தேகமும் வராது. சரி, அவற்றை எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சம் பன்னிரண்டு. சூரியனுக்கு மூன்று பெயர், நிலாவுக்கு மூன்று, உலோகம் மூன்று, எதிலும் ஒட்டாத வாடகை, முக்கால், விடுதலை என்று ஒரு மூன்று. எங்கேயும் நாலு சேரவில்லை, அதாவது கிழமை என்று நினைத்தது தவறு என்பதைப் புதிரே சொல்லிவிடுகிறது. ஞாயிறு சூரியனோடும் திங்கள் நிலாவோடும் வெள்ளி உலோகத்தோடும் போய்விட்டால் செவ்வாய் மட்டும் தனியாக நிற்கிறது. வாடகைக்கும் விடுதலைக்கும் நடுவில் அதற்கு என்ன வேலை? சொற்களின் வால்பகுதியைப் பாருங்கள்: வாய், கை, கால், தலை.

இங்கே உங்களை இழுத்தது உண்மை. ஆனால் எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, திரும்பி வரும் வழி கண் முன்னாலேயே இருந்தது. இதைத் தீர்க்கப் பெரிய பொது அறிவும் வேண்டாம். முதலில் தோன்றிய பொருளைக் கைவிடும் மனம்தான் வேண்டும், அதுதான் கஷ்டம்.

உங்கள் கோபம் நியாயமாகும் இடமும் உண்டு. நீங்கள் சேர்த்த நாலும் பொருந்தி, மிச்சமுள்ள பன்னிரண்டும் ஒழுங்காகப் பிரிந்து, அப்படியும் தவறு என்று வந்தால் அது போட்டவருடைய பிழை. தொடர்பு தொளதொளவென்று இருப்பதும் அப்படித்தான். 'எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்' என்பதெல்லாம் ஒரு தொடர்பா? விடை தெரிந்த பிறகு 'சே, இதுதானே' என்று வரவேண்டும், 'இதுவா?' என்று வரக்கூடாது.

பதினாறு சொல் புதிரை 2023-இல் நியூயார்க் டைம்ஸ் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்த பிறகுதான் இத்தனை பேர் விளையாடுகிறார்கள். 2008-இல் தொடங்கிய பிபிசியின் 'ஒன்லி கனெக்ட்' போட்டியிலும் இதே மாதிரிப் பதினாறு கட்டம் உண்டு. அதற்கெல்லாம் முன்பே, 1962-இல், சார்னாஃப் மெட்னிக் என்ற உளவியலாளர் படைப்பாற்றலை அளக்க மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரும் நாலாவதைக் கேட்கும் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். தமிழில் போட்டால் இப்படி இருக்கும்: கல், மின், குறுக்கு. மின் என்றதும் மின்சாரமும் மின்விசிறியும் வந்து நிற்கும், குறுக்கு என்றதும் வழி வரும், அவை வழிவிட்டால்தான் 'வெட்டு' வரும். கல்வெட்டு, மின்வெட்டு, குறுக்குவெட்டு.

இந்த வகைப் புதிரை வைத்து 1990-இல் பவர்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையிலேயே தொடர்புள்ள மூன்று சொற்களையும், சும்மா சேர்த்த மூன்று சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். விடை தெரியாதவர்களும் எதில் தொடர்பு இருக்கிறது என்பதை, குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். 'என்னவோ இருக்கு' என்று உங்களுக்குத் தோன்றுமே, அதைக் கொஞ்சம் நம்பலாம்.

மாட்டிக்கொண்டால் முறைத்துக்கொண்டே உட்காராதீர்கள். ஸ்மித், பிளாங்கன்ஷிப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் இதைச் சோதித்தார்கள். தவறான குறிப்பில் சிக்கியவர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தபோது கூடுதலாக விடை கண்டுபிடித்தார்கள்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். பொய்க் குழுவிலிருந்து தொடங்குவது சுலபம். நாலு பேரையும் ஒன்றாகக் காட்டி, அப்புறம் ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்புங்கள். கூட்டுச்சொல் புதிர் என்றால் சந்தியைக் கவனியுங்கள். 'பயணம்' என்று கொடுத்து 'படி'யை எதிர்பார்த்தால் பயணப்படி ஆகும்போது 'ம்' போய் 'ப்' வருகிறது, அது செல்லுமா செல்லாதா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட்டதும் அனுப்புங்கள், விடையை மட்டும் தனிக் கடிதத்தில்.