கொலையாளியின் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? கேள்வி பதில்

தொடர்கொலை, சதி, குடும்ப ரகசியம் ஆகிய மூன்றையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர முயல்பவர்களும், அத்தகைய த்ரில்லர்களை விரும்பி வாசிப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, குற்றப் புனைவுக் கைப்பிரதிகளை நெடுங்காலமாகச் செம்மைப்படுத்தி வரும் பதிப்பாசிரியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, என் நாவலில் ஒரு தொடர்கொலையாளி இருக்கிறான். அவனைக் காப்பாற்றும் செல்வாக்குள்ள கூட்டம் ஒன்றும், கதாநாயகியின் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளாக மறைக்கப்பட்ட பிறப்பு ரகசியம் ஒன்றும் இருக்கின்றன. தனித்தனியே மூன்றும் நன்றாக இருந்தும், ஒன்று சேரும்போது கதை கலைந்துவிடுகிறது. எதிலிருந்து தொடங்குவது?

குடும்ப ரகசியத்திலிருந்து தொடங்குங்கள். கொலையாளி அச்சத்தைத் தருவான், சதி தடைகளைத் தரும். ஆனால் இந்தக் கதை ஏன் இந்தப் பெண்ணுக்கு நேர்கிறது என்ற கேள்விக்குப் பதில் குடும்ப ரகசியத்தில்தான் இருக்கிறது. உங்கள் கைப்பிரதியில் அந்தப் பிறப்பு ரகசியத்தை நீக்கிப் பாருங்கள். அதன் பிறகும் அதே ஆட்கள் அதே வரிசையில் கொல்லப்படுவார்கள் என்றால், ரகசியம் கதையின் வேரில் இல்லை, வெளியே தொங்கும் அலங்காரமாக இருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு பழைய செயல் வேண்டும். ஒருத்தி பெற்ற குழந்தை இன்னொருத்தியின் பெயரில் பதிவு செய்யப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவர், அருகில் நின்ற செவிலி, பதிவேட்டில் எழுதிய எழுத்தர், பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த உறவினர் என்று நான்கு பேர் அந்தத் தாளோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து இந்த நால்வரும் கொல்லப்படும்போது, ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களாகவே காவல்துறைக்குத் தெரிவார்கள். கதாநாயகியின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் அவர்களை இணைக்கிறது என்பதை வாசகர் கண்டுகொள்ளும் இடத்தில் மூன்று இழைகளும் தாமாகவே ஒன்றாகிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாட்சிகளை ஒவ்வொருவராக அழிப்பவனும், கொல்லும் உந்துதலுக்காகவே கொல்பவனும் ஒரே வகையினர் அல்லர். முதலாமவன் வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவான், இரண்டாமவனால் நிறுத்த முடியாது. உங்கள் கொலையாளி யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சாட்சிகளை அழிக்கும் ஒருவன் தன்னை உந்துதலால் கொல்பவனாகக் காட்டிக்கொள்வது நல்ல கதை. எழுதுபவருக்கே அது தெளிவாகாதபோது கிடைப்பது குழப்பம் மட்டுமே.

கேள்வி: கணவன் பல ஆண்டுகளாகக் கொலை செய்துகொண்டிருப்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமலே இருக்குமா? என் முதல் வாசகர்கள் யாரும் இதை நம்பவில்லை.

உண்மையில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1974க்கும் 1991க்கும் இடையில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்ந்தவர். தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவராகவும் இருந்தார். 2005ஆம் ஆண்டில் அவர் கைதானபோது குடும்பத்தினர் அதிர்ந்துபோனார்கள். அவர் சிக்கியது இப்படித்தான்: அவரே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பிய ஃபிளாப்பி வட்டில் அழிக்கப்பட்ட கோப்பின் தகவல்களில் தேவாலயத்தின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் மிஞ்சியிருந்தன. அதன் பிறகு காவல்துறை நீதிமன்ற அனுமதியோடு அவருடைய மகளின் பழைய மருத்துவப் பரிசோதனை மாதிரியைப் பெற்று, குற்ற இடத்துத் தடயத்தோடு ஒப்பிட்டு, அது அவளுடைய தந்தையினுடையது என்பதை உறுதி செய்தது. தன் உடலின் ஒரு துளியே தந்தையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்பதை ஒரு மகள் பின்னர் அறிகிறாள். இதைவிடக் கனமான குடும்பக் காட்சியைக் கற்பனையில் உருவாக்குவது எளிதல்ல.

ஆகவே உங்கள் வாசகர்களின் குறை வேறெங்கோ இருக்க வேண்டும். மனைவிக்கு எதுவுமே தெரியாது என்று எழுதியிருப்பீர்கள். எதுவுமே தெரியாத மனைவியை நம்புவது கடினம். ஏதோ ஒன்றைக் கவனித்து, அதற்கு வேறொரு விளக்கத்தைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மனைவியை எல்லோரும் நம்புவார்கள். பூட்டிய அலமாரியையும், பின்னிரவில் தனியே துவைக்கப்பட்ட சட்டையையும் பார்க்கும் அவள் தன் கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருக்கிறது என்று முடிவு செய்து, அந்த அவமானத்தை மறைப்பதற்காகவே அவனுக்குச் சாதகமாகப் பொய் சொல்லட்டும்.

கேள்வி: சதி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? அமைச்சர், நீதிபதி, காவல்துறைத் தலைவர் என்று பன்னிரண்டு பேரை வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு பேரும் ஒரே அறையில் கூடிச் சத்தியம் செய்திருந்தால் அது மிக அதிகம். ஒவ்வொருவரும் மற்றவரை அறியாமல், தத்தம் சொந்தக் காரணத்துக்காக வாய் மூடியிருந்தால் ஐம்பது பேர்கூட இருக்கலாம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் மருத்துவராக இருந்த ஹரால்டு ஷிப்மன் தம் நோயாளிகளைக் கொன்றுகொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டில் பதினைந்து கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். அதன் பின் நடந்த பொது விசாரணை, அவரால் கொல்லப்பட்டவர்களாக 215 பேரை அடையாளம் கண்டது. அவருக்குப் பின்னால் எந்தச் சதிக் கூட்டமும் இல்லை. உடலை எரியூட்ட இரண்டாவது மருத்துவரின் கையொப்பம் தேவை என்ற விதி இருந்தது, அந்தக் கையொப்பங்களும் கிடைத்துக்கொண்டே இருந்தன. 1998 மார்ச்சில் அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் ஐயம் தெரிவித்தபோது நடந்த முதல் காவல்துறை விசாரணை எதையும் கண்டுபிடிக்காமல் முடிந்தது. அதற்குப் பிறகும் மூவர் இறந்தனர். இறுதியில் அவரைச் சிக்கவைத்தது போலியான ஓர் உயில். இறந்த மூதாட்டியின் மகள் ஒரு வழக்கறிஞர். தாயின் சொத்து விவரங்களைக் கவனித்து வந்த அவர், மருத்துவருக்கே சொத்தை எழுதிவைத்ததாகச் சொன்ன அந்தத் தட்டச்சுத் தாளை ஏற்க மறுத்தார்.

உங்கள் நாவலுக்குத் தேவையான சதியின் வடிவம் இதில் இருக்கிறது. ஒருவர் சோம்பலால் படிக்காமல் கையெழுத்திட்டார், ஒருவர் மரியாதையால் கேள்வி கேட்கவில்லை, இன்னொருவர் தம் பழைய தவறு வெளிவந்துவிடும் என்று கோப்பை மூடிவிட்டார். வெளியிலிருந்து பார்க்கும் கதாநாயகிக்கு இவை அனைத்தும் சேர்ந்து திட்டமிட்ட சதியாகத் தெரியும். உண்மையில் திட்டமிட்டவர் இருவர் அல்லது மூவராக மட்டும் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் அவளோடு ஒரே மேசையில் உணவருந்துபவராக இருக்கட்டும். (அமைச்சரை விட்டுவிடலாம். எனக்கு வரும் கைப்பிரதிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஓர் அமைச்சர் வருகிறார்; ஒருவர்கூட நினைவில் தங்கியதில்லை.)

கேள்வி: டி.என்.ஏ. சோதனை ஒன்றின் மூலம் குடும்ப ரகசியம் வெளிப்படுவதாக எழுதுகிறேன். கொலை நடந்த இடத்தில் கிடைத்த மாதிரி கதாநாயகியின் 'அண்ணனுடையது' என்று ஆய்வகம் சொல்கிறது. அவளுக்கோ அண்ணனே இல்லை. இதில் பிழை உண்டா?

கரு அருமையானது, ஆய்வகத்தின் வாக்கியத்தில்தான் பிழை இருக்கிறது. எந்த ஆய்வகமும் உறவின் பெயரை அப்படி நேராகச் சொல்லாது. பகிர்வின் அளவையும் அதற்குப் பொருந்தக்கூடிய உறவுகளையும்தான் சொல்லும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் பகிர்வு பாதி. உடன்பிறந்தோருக்கு இடையிலும் சராசரியாகப் பாதிதான், ஆனால் பகிர்ந்திருக்கும் விதம் வேறு என்பதால் இரண்டையும் பிரித்தறியலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவானால் ஏறக்குறைய 25 சதவீதம், உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்கு இடையில் சுமார் 12.5 சதவீதம்.

அந்த 25 சதவீதத்தைக் கவனியுங்கள். பெற்றோரில் ஒருவரை மட்டும் பகிரும் சகோதரன், தாத்தா, தந்தையின் தம்பி, தாயின் அண்ணன் ஆகிய அனைவரும் அதே அளவைத்தான் பகிர்கிறார்கள். எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களில் யார் என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே உங்கள் கதாநாயகி, தன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன்தான் கொலையாளி என்று நம்பி, இறந்துபோன தந்தையை மனத்துக்குள் தண்டித்துக்கொண்டிருக்க, உண்மையான கொலையாளி அவளை எடுத்து வளர்த்த சித்தப்பாவாக இருக்கலாம். அறிவியலை மீறாமலேயே நூறு பக்கங்களுக்கு வாசகரைத் திசைதிருப்பும் தடயம் இது. வேர் இல்லாத ஒரு முடி மட்டும் கிடைத்திருந்தால் பெரும்பாலும் தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. மட்டுமே கிடைக்கும். ஒய் குரோமோசோமோ தந்தையிடமிருந்து மகன்களுக்குப் போவது. அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா எல்லோரிடமும் பெரும்பாலும் அது ஒன்றாகவே இருக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் ரத்தத்தில் கொடையாளியின் டி.என்.ஏ. காணப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு உயிர் கொடுத்த அண்ணன், தான் செய்யாத கொலைக்குக் கைதாகலாம்.

காவல்துறையின் வழக்கமான சோதனை டி.என்.ஏ.வின் இருபது அளவிலான இடங்களை மட்டுமே ஒப்பிடுகிறது, தூரத்து உறவினரைக் காட்ட அது போதாது. அதற்கு மரபுவழித் தேடலுக்கான, பல லட்சம் இடங்களைப் படிக்கும் சோதனை வேண்டும். கலிஃபோர்னியாவில் பதின்மூன்று பேரைக் கொன்ற முன்னாள் காவலர் ஜோசப் டிஏஞ்சலோ 2018ஆம் ஆண்டில் பிடிபட்டது அப்படித்தான்: தங்கள் வம்சாவளியை அறியும் ஆவலில் தூரத்து உறவினர்கள் பொதுத்தளம் ஒன்றில் பதிவேற்றிய விவரங்களிலிருந்து குடும்ப மரத்தை வரைந்து அவரை எட்டினார்கள். உங்கள் கதை 1990களில் நடந்தால் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: டி.என்.ஏ. பொய் சொல்லாது என்று கதாபாத்திரம் ஒன்று சொல்வது சரியா?

சொல்லட்டும், பின்னர் அவர் வருந்தட்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் நாற்பது அளவிலான குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்ததால், அடையாளம் தெரியாத பெண் குற்றவாளி ஒருத்தியைக் காவல்துறை பல ஆண்டுகள் தேடியது. 2009ஆம் ஆண்டில்தான், தடயம் எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த, குற்றத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது என்று தெரியவந்தது.

கேள்வி: என் கொலையாளி ஒரு மேதை. காவல்துறைக்குப் புதிர்க் கடிதங்கள் அனுப்புகிறான். சலிப்பூட்டுமா?

எனக்குச் சலிப்பூட்டும். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதியில் நாற்பத்தெட்டுப் பெண்களைக் கொன்றதாக 2003ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட கேரி ரிட்ஜ்வே, லாரிகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. 1980களிலேயே சந்தேக வளையத்துக்குள் வந்த அவர் பொய் கண்டறியும் சோதனையில் தேறிவிட்டார். 1987இல் எடுத்து வைத்த எச்சில் மாதிரி, தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு 2001ஆம் ஆண்டில் அவரைக் கைதுசெய்ய வைத்தது. இதில் மேதைமை எங்கும் இல்லை.

கடிதங்களை விட மனமில்லை என்றால், அவற்றைக் கொலையாளி அல்லாத ஒருவர் எழுதட்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பீட்டர் சட்க்ளிஃப் கொலைகள் செய்துவந்த காலத்தில், கொலையாளி தானே என்று சொல்லும் கடிதங்களும், 1979ஆம் ஆண்டில் ஓர் ஒலிநாடாவும் காவல்துறைக்கு வந்தன. அந்தக் குரலின் வட்டார உச்சரிப்பை நம்பி அதிகாரிகள் தேடலை வேறு திசைக்குத் திருப்பினார்கள்; ஒன்பது முறை விசாரிக்கப்பட்டிருந்த சட்க்ளிஃப் 1981 ஜனவரி வரை பிடிபடவில்லை, அதற்குள் மேலும் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒலிநாடாவை அனுப்பியவர் கால் நூற்றாண்டு கழித்து, உறையில் இருந்த எச்சிலால் சிக்கி 2006ஆம் ஆண்டில் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். குடும்ப ரகசியத்தைக் காக்க விரும்பும் ஒரு தாய், தன் மகன் மீது விழும் சந்தேகத்தைத் திருப்ப இத்தகைய கடிதம் ஒன்றை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: குளோரோஃபார்ம் கைக்குட்டை?

வேண்டாம். மயக்கம் வரச் சில நிமிடங்கள் இடைவிடாமல் சுவாசிக்க வேண்டும், அதுவரை எவரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

கேள்வி: இறந்த நேரத்தை மருத்துவர் 'இரவு 11.20' என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. உடல் விறைப்பு தாடை போன்ற சிறு தசைகளில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்தில் முழுமையடைந்து, ஒன்றரை நாள் அளவில் தளரும் என்பது பொதுவான கணக்கு. வெப்பம், உடல்வாகு, இறப்புக்கு முன்பான உடலுழைப்பு ஆகியவை அதை மாற்றிவிடும். அதனால் மருத்துவர் சில மணி நேர இடைவெளி ஒன்றைத்தான் சொல்வார். அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் கதாபாத்திரங்கள் பொய் சொல்ல இடம் கிடைக்கிறது.

கேள்வி: சிறுவயதில் பட்ட கொடுமைதான் அவனைக் கொலையாளி ஆக்கியது என்று கடைசி அத்தியாயத்தில் விளக்கியிருக்கிறேன். ஒரு நண்பர் அது பழகிப்போன உத்தி என்கிறார்.

நண்பர் சொல்வது சரி. அதே வீட்டில், அதே கொடுமைக்கு நடுவே வளர்ந்து யாரையும் கொல்லாத ஒரு தங்கையை அவனுக்குக் கொடுங்கள், விளக்க அத்தியாயத்தை நீக்கிவிடுங்கள். அவள் அவனைப் பற்றி என்ன சொல்ல மறுக்கிறாள் என்பதிலிருந்து வாசகர் மீதியை அறிந்துகொள்வார்.

கேள்வி: வாசகர்களில் பலர் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முடிவை மாற்றிவிடட்டுமா?

முடிவை மாற்றாதீர்கள். கடைசி நேரத்தில் கொலையாளியை மாற்றிய கைப்பிரதிகளை நான் உடனே அடையாளம் கண்டுகொள்வேன், ஏனெனில் முதல் இருநூறு பக்கங்களில் தூவிய துப்புகள் எல்லாம் பழைய ஆளையே சுட்டிக்கொண்டிருக்கும். யார் என்பதை வாசகர் ஊகித்துவிட்டால் பெரிய இழப்பு இல்லை, வீட்டில் இது யாருக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் ஊகிக்க விடாதீர்கள். உங்கள் முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் கதாநாயகி பழைய சான்றிதழைத் தாயின் முன் வைக்கிறாள், தாய் அழுகிறாள். அழ வேண்டாம். அந்தத் தாளை வாங்கிப் பார்க்காமலேயே மடித்து, அது எப்போதும் இருந்த இழுப்பறையில் தாய் திரும்ப வைக்கட்டும்.