ஆற்று மீனின் வாழிடத்தைக் கணிக்கச் சாதாரணத் தட்பவெப்ப வரைபடம் போதுமா?

உலகின் வெப்பநிலை, மழை அளவுகளைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் வேர்ல்ட்கிளிம் தரவை அப்படியே பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அது நிலத்துக்கான வரைபடம். ஒரு கட்டத்தில் பெய்யும் மழையைச் சொல்லும். அதன் வழியே ஓடும் நீரைச் சொல்லாது.

சமவெளியில் 1 கி.மீ. கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மழை குறைவு. ஆனால் வெகுதொலைவில் மலையில் பெய்த நீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. மேலே காட்டை அழித்தால் வண்டல் இங்கே வந்து படிந்து, மீன் முட்டையிடும் கூழாங்கற்களை மூடிவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் திரட்டிக் கணக்கிட வேண்டும். மீனுக்கு அதுதான் உண்மையான சுற்றுச்சூழல்.

இந்தக் கடினமான வேலையை எர்த்என்வ் திட்டத்தின் நன்னீர்த் தரவு 2015-லேயே செய்துவைத்திருக்கிறது: தட்பவெப்பம், நிலப்போர்வை (காடு, வயல், ஊர் போன்றவை), மண், பாறை, சரிவு எல்லாம் ஹைட்ரோஷெட்ஸ் என்ற உலக ஆற்று வரைபடத்தின் வலைப்பின்னல் மீது. அந்த வலைப்பின்னலுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் அளந்த நில உயரம். அந்த அளவீடு வடக்கே 60 பாகையோடு நின்றுவிட்டதால், அதற்கு அப்பாலுள்ள ஆறுகளுக்கு இந்தத் தரவு உதவாது.

பலர் சறுக்குவது மீன் கிடைத்த புள்ளிகளில்தான். ஜிபிஎஸ் புள்ளி கொஞ்சம் விலகினாலும் ஆற்றை விட்டுப் பக்கத்துக் கட்டத்தில் விழும், அல்லது பேராற்று மீன் சிற்றோடையில் பதிவாகிவிடும். முதலில் புள்ளிகளை ஆற்றுக்கோட்டுக்கு நகர்த்துங்கள், பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபாருங்கள். அணைகளையும் வரைபடத்தில் தனி அடுக்காகச் சேருங்கள். நீர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அணையைத் தாண்ட மீனுக்கு வழியில்லாமல் போகலாம்.