சிகாகோ பார்த்தினன் உணவகத்தில் தீ மூட்டிக் கொடுத்த சகனாகியை (கிரேக்கப் பொரித்த சீஸ் பண்டம்) வீட்டில் செய்தால் சீஸ் ஏன் உருகி ஓடிவிடுகிறது?

"மொஸரெல்லா வாங்கிப் பொரித்தேன், வாணலியில் கூழாகிவிட்டது, பிராந்தி ஊற்றியும் தீப்பிடிக்கவில்லை" என்று கேள்வியின் கீழ் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: மொஸரெல்லா. அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். சூடு ஏறியதும் சீஸ் இளகி ஓடும், தண்ணீர் வெளியே வரும், அந்தத் தண்ணீர் பிராந்தியை நீர்க்கச் செய்துவிடும். பிறகு எப்படித் தீப்பிடிக்கும்?

சகனாகி என்பது சீஸின் பெயர் அல்ல. இரண்டு காது வைத்த சிறு வாணலிக்குக் கிரேக்கத்தில் அந்தப் பெயர். அதில் செய்யும் இறால் பண்டத்துக்கும் அதே பெயர்தான். அதனால் கடையில் 'சகனாகி சீஸ்' என்று கேட்காமல் கெஃபலோதீரி அல்லது கெஃபலோகிரவியேரா என்று கேளுங்கள். இரண்டும் செம்மறிப்பாலோ வெள்ளாட்டுப்பாலோ சேர்ந்த, முற்றிய, உப்பான, கெட்டிச் சீஸ்கள். கசேரி என்ற கிரேக்கச் சீஸும் ஆகும், ஆனால் அது சீக்கிரம் இளகும், கண்ணை எடுக்கக்கூடாது. ஃபெட்டா உதிர்ந்துவிடும். பன்னீர் போட்டால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்: பன்னீர் புளிப்பால் திரித்தது, எவ்வளவு சூட்டிலும் உருகாது. உங்களுக்குக் கிடைப்பது பொரித்த பன்னீர், சகனாகி அல்ல. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரபான கெஃபலோதீரியைத் திரிப்பது கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதியால். உறையைப் படித்து வாங்குங்கள்.

சீஸை ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்தில், சுமார் 120 கிராம் வரும்படி ஒரே பலகையாக வெட்டுங்கள். இதைவிட மெல்லியதானால் மேலே சிவக்கும் முன்பே நடு ஓடிவிடும், தடித்தால் நடு குளிர்ந்தே கிடக்கும். பொரிக்கும் நிமிடம் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வார்ப்பிரும்பு வாணலியை நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் நன்றாகக் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விடுங்கள். ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே பொரிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் சீஸைக் குளிர்ந்த நீரில் முக்கி, மைதாவில் புரட்டி, அதிகப்படி மாவை உதறிவிட்டுப் போட வேண்டும். முன்கூட்டியே புரட்டி வைத்தால் மாவு பசையாகி வாணலியில் ஒட்டும். உதறாவிட்டால் மாவு கருகிக் கசக்கும். உப்பு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், ஓரம் பொன்னிறமானதும் மெல்லிய தோசைக்கரண்டியால் ஒரே முறை திருப்பி, மறுபக்கமும் அவ்வளவே. ஒரு வாணலிக்கு ஒரு துண்டுதான். இரண்டு போட்டால் சூடு இறங்கி, மேல்தோல் கட்டும் முன் சீஸ் உருகிவிடும்.

இனி தீ. எரிவது பிராந்தி அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. 40 சதவீத பிராந்தி ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸில்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஃப்ரிட்ஜில் வைத்தது எளிதில் பற்றாது, ஒயினும் அப்படித்தான். 30 மில்லியைச் சிறு கிண்ணத்தில் அளந்துகொள்ளுங்கள். புட்டியிலிருந்து நேரே ஊற்றாதீர்கள், தீ புட்டிக்குள் ஏறும். அடுப்பை அணைத்து, புகைபோக்கி விசிறியை நிறுத்தி, வாணலியை இறக்கி வைத்து ஊற்றி, இரண்டு மூன்று விநாடிக்குள் நீளக் கைப்பிடி லைட்டரால் பற்றவையுங்கள். தாமதித்தால் சூட்டிலேயே ஆல்கஹால் போய்விடும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் முடி எதுவும் அருகில் வேண்டாம். ஒரு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது. தீ தணியும்போது அரை எலுமிச்சையைப் பிழிந்து அங்கேயே சாப்பிடுங்கள். ஆறினால் ரப்பர். "மதுதான் எரிந்துவிடுகிறதே" என்பதும் சரியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி தீ மூட்டிய உணவில் 75 சதவீத ஆல்கஹால் தங்கிவிடும். மது தொடாதவர்கள் தீயை விட்டுவிட்டு எலுமிச்சையோடு சாப்பிடலாம், கிரேக்கத்தில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

அதைச் சொன்னதும் "அப்படியானால் சிகாகோ சகனாகி போலி" என்று ஒரு பின்னூட்டம் வரும். இல்லை. லியாகூராஸ் சகோதரர்கள் 1968இல் ஹால்ஸ்டெட் தெருவில் பார்த்தினனைத் தொடங்கினார்கள். மேசை அருகே தீ மூட்டி 'ஓப்பா!' என்று கூவும் வழக்கம் தங்களிடம்தான் பிறந்தது என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். 2016இல் மூடும்வரை 48 ஆண்டுகள் நடந்த கடை அது. ஒரு ஊரில் அரை நூற்றாண்டு உண்ணப்பட்ட பண்டம் அந்த ஊரின் பண்டம்தான்.

மூடியபோது "பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை" என்று எழுதியவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்த வட்டாரம் ஏற்கெனவே ஒரு முறை இடிபட்டது. ஹால்ஸ்டெட், ஹாரிசன், புளூ ஐலண்ட் தெருக்கள் சந்தித்த 'டெல்டா'வில்தான் பழைய கிரேக்கக் குடியிருப்பு இருந்தது. நெடுஞ்சாலைக்கும், 1965இல் திறந்த இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடம் கொடுத்து, மிஞ்சிய கடைகள் சற்று வடக்கே நகர்ந்தன. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாரிசுகளைத் திட்டுவது எளிது.

சிகாகோவிலேயே இருக்கிறீர்கள் என்றால், அதே தெருவில் இருக்கும், 1971இல் தொடங்கிய கிரீக் ஐலண்ட்ஸ் உணவகத்தில் ஒரு தட்டு வாங்கிப் பாருங்கள். தீயைப் பார்க்காமல் பரிமாறுபவரின் கையைப் பாருங்கள்: எவ்வளவு ஊற்றுகிறார், எப்போது எலுமிச்சையை எடுக்கிறார் என்று.