கப்பலும் கரையும் சிற்றலையில் அனுப்பும் தரவுச் சிக்னல்களை எப்படி ஆராய்வது? எந்த மென்பொருள் வேண்டும்?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருப்பதாகவும், கணினியில் செருகும் ரேடியோ வாங்கி (யூஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள்) ஒன்று வாங்கியிருப்பதாகவும், 4, 8, 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கீச்சு கீச்சென்று ஏதேதோ கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். எந்த மென்பொருளைப் போட்டால் அது என்ன புரோட்டோகால் என்று தெரியும், சேட்டிலைட் வந்த பிறகும் இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்பது கேள்வி.

இரண்டாவது கேள்வியால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இங்கே ஏற்கெனவே ஒருவர் "செத்துப்போன தொழில்நுட்பம், நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ரேடியோ கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த "செத்துப்போன" சிக்னல் சரியாக இல்லை என்றால் கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் கையெழுத்துப் போட மாட்டார், கப்பல் கரையை விட்டு நகராது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எழுத்துச் செய்தி அனுப்பும் சிற்றலை டெலெக்ஸ் இப்போது கட்டாயம் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆனால் ஆழ்கடலுக்குப் போகும் கப்பல்களில் டிஎஸ்சி என்ற எண்முறை அழைப்பு இருக்கிறது. அதன் சிற்றலை அபாய அதிர்வெண்கள் 4207.5, 6312, 8414.5, 12577, 16804.5 கிலோஹெர்ட்ஸ். கேப்டவுன் ரேடியோ என்ற கரை நிலையம் இரவும் பகலும் அங்கே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் மாணவராகவோ, வேலை முடிந்து வந்து இரவில் கணினியைத் திறப்பவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மென்பொருளைக் கடைசியில் போடுங்கள். முதலில் அளந்து பாருங்கள். மென்பொருளுக்கு "இது நாவ்டெக்ஸ்" (கப்பல்களுக்கான எச்சரிக்கைகளை எழுத்தாக ஒலிபரப்பும் சேவை) என்று நீங்கள் சொன்னால், சத்தத்திலிருந்தும் அது நாலு எழுத்தைக் கக்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளக்க வேண்டியவை மூன்று: இரண்டு சுருதிகளுக்கு நடுவே எத்தனை ஹெர்ட்ஸ், ஒரு பிட் எத்தனை மில்லிவினாடி, எந்தத் தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படத்தை, பெரிதாக்கினாலே இவை கிடைத்துவிடும். ஆனால் சிக்கலும் இங்கேதான். டிஎஸ்சியும் சரி, சிட்டார் என்ற பழைய டெலெக்ஸும் சரி, இரண்டுக்கும் சுருதி இடைவெளி 170 ஹெர்ட்ஸ், வேகம் வினாடிக்கு 100 பிட். ரேடியோ மென்பொருளின் ஓடும் படத்தில் (வாட்டர்ஃபால்) இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூன்றாவது அளவுதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

சிட்டாரில் ஒரு எழுத்துக்கு 7 பிட். அந்த ஏழில் நான்கு ஒரு வகை, மூன்று மறு வகை என்று எப்போதும் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு தப்பினால் எழுத்து கெட்டுவிட்டது என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். இருவர் பேசிக்கொள்ளும் முறையில் மூன்று எழுத்தை 210 மில்லிவினாடியில் அனுப்பிவிட்டு, பதிலுக்காக 240 மில்லிவினாடி காத்திருக்கும். மொத்தம் 450. அந்தத் தாளத்தைக் காதாலேயே பிடித்துவிடலாம். எல்லோருக்குமாக ஒலிபரப்பும் முறையில் இடைவெளியே இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் நடுவே வேறு நான்கு எழுத்துகளை விட்டு இன்னொரு முறை வரும். அதாவது 350 மில்லிவினாடி, 35 பிட் தள்ளி. 518 கிலோஹெர்ட்ஸ் நாவ்டெக்ஸ் இந்த வகைதான்.

டிஎஸ்சியில் ஒரு குறிக்கு 10 பிட். அதிலும் ஒவ்வொரு குறியும் இருமுறை வரும், நடுவே வேறு நான்கு குறிகள் இருக்கும். ஆனால் இங்கே 50 பிட் தள்ளி. ஆகவே பிட் வரிசையை அதன் மேலேயே நகர்த்தி ஒப்பிட்டுப் பாருங்கள். 35-இல் பொருத்தம் எகிறினால் சிட்டார் ஒலிபரப்பு, 50-இல் எகிறினால் டிஎஸ்சி. பைத்தானில் சில வரிகளில் எழுதிவிடலாம். எந்தப் பெயரையும் முன்கூட்டி ஊகிக்காமல் விடை கிடைக்கும்.

டிஎஸ்சியைக் கையாலேயே ஒருமுறை பிரித்துப் பாருங்கள் என்று இங்கே வரும் பையன்களிடம் சொல்வேன். பத்து பிட்டில் முதல் ஏழு எண், கடைசி மூன்று காவல். எண்ணில் மதிப்புக் குறைந்த இலக்கம் முதலில் வரும். காவல் பிட்டுகள் அந்த ஏழில் எத்தனை சுழியம் என்பதைச் சொல்லும். அழைப்பின் தொடக்கத்தில் 125 என்ற குறி திரும்பத் திரும்ப வரும். 125-ஐ இருமத்தில் எழுதித் திருப்பிப் போட்டால் 1011111. சுழியம் ஒன்றே ஒன்று, ஆகவே காவல் 001. வரிசையில் 1011111001 என்பதைத் தேடுங்கள். அது கிடைத்த இடத்திலிருந்து பத்துப் பத்தாக வெட்டினால் மற்றதெல்லாம் தானாக நேராகிவிடும். அதன் இடையிடையே 111, 110, 109 என்று 104 வரை இறங்கும் குறிகளும் வரும். முன்பாதி சத்தத்தில் போய்விட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லத்தான் அந்த எண்ணிக்கை. அப்புறம் 112 வந்தால் அபாயம், 116 வந்தால் எல்லாக் கப்பல்களுக்கும், 120 வந்தால் ஒருவருக்கு மட்டும். நிலையத்தின் ஒன்பது இலக்க எண்ணோடு ஒரு சுழியம் சேர்த்து, இரண்டிரண்டாக ஐந்து குறிகளில் அனுப்புவார்கள். கேப்டவுன் ரேடியோவின் எண் 006010001. ஆகவே 00, 60, 10, 00, 10 என்று வரும். 601 என்பது தென்னாப்பிரிக்கா, முன்னால் உள்ள இரண்டு சுழியம் கரை நிலையம். இதை நீங்களே தாளில் எழுதிப் படித்துவிட்டீர்கள் என்றால் அதன்பின் எந்த மென்பொருளும் உங்களை ஏமாற்ற முடியாது.

இது எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்காக என் அனுபவம் ஒன்று.

இங்கே ஒரு சரக்குக் கப்பல் வந்திருந்தது. அதில் எலக்ட்ரிக்கல் ஆபீசர் நம் ஊர்ப் பக்கத்துப் பையன். டிஎஸ்சி சோதனை அழைப்புக்குக் கேப்டவுன் 4207.5-இல் ஒழுங்காகப் பதில் தருகிறது. 8414.5-இல் சில நேரம் தருகிறது, சில நேரம் இல்லை. 12577-இல் தருவதே இல்லை. கம்பெனிக்காரர்கள், ஆன்டெனாவை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் பொருத்தும் டியூனர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கரையில் இருந்த இன்னொருவர், டர்பனுக்கும் கேப்டவுனுக்கும் உள்ள தூரத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் அலை தாண்டிப் போய்விடும், அதுதான் காரணம் என்றார். பையன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, நாளக்கழிச்சு சர்வே. டியூனர் வர ஒரு வாரம் ஆகும்கிறாங்க. நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றான்.

அந்த நாட்களில் நண்பகலில் கேப்டவுனின் 12 மெகாஹெர்ட்ஸ் பேச்சு என் வீட்டிலேயே தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே அலை தாண்டிப் போகிறது என்ற வாதம் நிற்காது. டியூனர் என்றால் சக்தி குறையும். சக்தி குறைந்திருந்தால், சாட்ஸ்வர்த்தில் மேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வரும் சிக்னலிலேயே அது தெரிய வேண்டும். அவனை மூன்று அதிர்வெண்களிலும் சோதனை அழைப்பு அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டில் பதிவு செய்தேன். மூன்றிலும் பலம் குறையவில்லை. ஆனால் சுருதிகள் இடம் மாறி இருந்தன. நடுப்புள்ளி 4207.5-இல் ஏறக்குறைய 30 ஹெர்ட்ஸ் மேலே, 8414.5-இல் 60, 12577-இல் 90. டிஎஸ்சிக்கு 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது.

இந்த 30, 60, 90-ஐப் பாருங்கள். அதிர்வெண் இரண்டு மடங்கானால் பிசகும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கானால் பிசகும் மூன்று மடங்கு. டியூனரால் அப்படி வராது, ஆன்டெனாவால் வராது, வானத்தாலும் வராது. பெட்டிக்குள் எல்லா அதிர்வெண்ணுக்கும் அடிப்படையாக நிற்கும் ஆஸிலேட்டர் ஒன்றுதான் இப்படி வீத அளவில் பிசகும். சுருதிகள் இரண்டும் நடுப்புள்ளியிலிருந்து 85 ஹெர்ட்ஸ் இப்புறமும் அப்புறமும் இருக்க வேண்டியவை. 90 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் கீழ்ச்சுருதி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும், மேல்சுருதி கரையில் இருக்கும் வடிகட்டியைத் தாண்டிவிடும். கேப்டவுனில் எதைப் படிப்பார்கள்?

"உன் டாங்கிளே பிசகியிருக்கலாமே" என்று இதைப் படிக்கும் யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். 4207.5-இல் அதே பதிவில் கேப்டவுனின் பதிலும் இருந்தது, அது சரியான இடத்தில் இருந்தது. அதோடு 10 மெகாஹெர்ட்ஸில் வரும் நேரக்குறி நிலையத்தையும் முன்பே அளந்து சரிபார்த்துக்கொண்டேன்.

எழுதிக் கொடுத்தேன், படம் போட்டுக் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து வந்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. டியூனரை விமானத்தில் வரவழைத்து மாட்டினார்கள். 12577 அப்படியே ஊமையாக இருந்தது. பிறகுதான் ஆஸிலேட்டர் போர்டை மாற்றினார்கள், முதல் அழைப்பிலேயே பதில் வந்தது. அறிக்கையில் "டியூனர் மாற்றப்பட்டது, கோளாறு நீங்கியது" என்றிருந்தது. அந்தப் பையன்தான் எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். காசு வாங்காமல் செய்த வேலை, அதைப் பற்றி வருத்தமில்லை. ஆனால் அடுத்த துறைமுகத்தில் அதே கோளாறு வந்தால், அந்த அறிக்கையை நம்பி இன்னொரு டியூனரை மாட்டுவார்கள். கப்பலில் இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட கருவி அது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆன்டெனா பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளமான கம்பி ஒன்று போதும், உயரத்தை விட வீட்டுச் சத்தத்திலிருந்து தள்ளி இருப்பதுதான் முக்கியம். லோட் ஷெட்டிங் நேரத்தில் எங்கள் தெரு முழுக்க இருண்டபோது நான் கேட்ட 8 மெகாஹெர்ட்ஸ் போல அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. டிவி, சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடிவிடும். இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டதால் அந்த அமைதியும் போய்விட்டது.

இதற்கு முன் நான் ஒரு அடுக்குமாடி வளாகத்தில் இருந்தேன். அங்கே கமிட்டியினர் என் கம்பியை இறக்கச் சொன்னார்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய கம்பி. வீட்டுக்கு வீடு டிவி டிஷ் தொங்குகிறது, அதற்கு ஒரு சொல் இல்லை. கம்பியோடும் நிற்கவில்லை. என் மனைவி பால்கனியில் வடகம் காயவைத்ததற்குக் கடிதம், தைப்பூசத்துக்கு வந்த உறவினர் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம், வாசலில் கோலம் போட்டால் தரை கெட்டுப்போகிறது என்று நோட்டீஸ். அரிசி மாவு தரையை என்ன செய்துவிடும்? நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகத் தமிழர் வாழும் ஊரில் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வீடு பார்ப்பவர்கள் வளாக விதிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சட்டம் பற்றியும் யாராவது கேட்பார்கள். டிஎஸ்சி அபாய அழைப்பும் நாவ்டெக்ஸும் எல்லோருக்குமாக அனுப்பப்படுபவை. தனியார் கடிதப் போக்குவரத்து வேறு. சர்வதேச ரேடியோ விதிகளின் 17-ஆம் பிரிவு அதைக் காக்கச் சொல்கிறது, இந்த நாட்டில் இடைமறிப்புக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. படகுக்காரர்களின் மின்னஞ்சல் போகும் பேக்டர் சிக்னல்களை வெளியிலிருந்து அளந்து வகை பிரிப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். முதல் பேக்டருக்கு 1.25 வினாடிச் சுற்று, மூன்றாவதற்கு 120 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 18 சுருதி வரை. படிப்புக்கு அவ்வளவு போதும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது நம் வேலை இல்லை.

மென்பொருள் கேட்டீர்கள். நாவ்டெக்ஸுக்கு ஃப்ளடிஜி (Fldigi), டிஎஸ்சிக்கு யாட் (YaDD). இரண்டும் இலவசம். நீங்கள் முதலில் நாவ்டெக்ஸில் தொடங்குங்கள், ஏனென்றால் எப்போது வரும் என்று முன்பே தெரியும். டர்பனின் எழுத்து ஓ. அதற்குரிய நேரம் உலக நேரப்படி 02:20-இல் தொடங்கி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் கடிகாரத்தில் இரவு 8:20-உம் 12:20-உம் வசதியானவை. உங்கள் டாங்கிள் 518 வரை இறங்குகிறதா என்று பாருங்கள், சிலவற்றில் டைரக்ட் சாம்பிளிங் என்ற அமைப்பைப் போட வேண்டியிருக்கும். டிஎஸ்சிக்கு மேல் பக்கவாட்டு (USB) முறையில் அதிர்வெண்ணை 1.7 கிலோஹெர்ட்ஸ் கீழே வையுங்கள். 4207.5-க்கு 4205.8. அப்போது சுருதிகள் 1615-இலும் 1785-இலும் விழும், அந்த மென்பொருள் அங்கேதான் தேடும். பதிவை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அதிர்வெண், தேதி, நேரம் மூன்றையும் போட்டுக் கீழே கேளுங்கள், கப்பலில் இல்லாத நாளில் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.