ஜெர்மனியில் முனைவர் ஆய்வு: இடத்தையும் ஊதியத்தையும் சேர்த்தே தேடுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) முதுநிலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருப்பதாகவும், ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முனைவர் ஆய்வுக்கு முதலில் பல்கலைக்கழக அனுமதி வாங்கிவிட்டு, அதன் பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. பேராசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை என்ற வருத்தத்தையும் சொல்லியிருந்தீர்கள்.

உங்கள் துறையைப் பொறுத்தவரை அந்த வரிசை இங்கே பொருந்தாது. இயற்கை அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பேராசிரியர் ஒருவருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்கான நிதி கிடைக்கிறது. அந்த நிதியிலிருந்து ஓர் ஆய்வாளர் பணியிடம் உருவாகிறது. அதற்கு அவர் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கிறார். தேர்வானவர் பணி ஒப்பந்தம் கையில் இருக்கும் நிலையில், துறையின் முனைவர் பட்டக் குழுவிடம் தம்மை ஆய்வாளராக ஏற்றுக்கொள்ளும்படி விண்ணப்பிக்கிறார். நெறியாளர் ஒப்புக்கொண்டு, முதுநிலைப் பட்டமும் ஒழுங்காக இருந்தால், இந்தக் கடைசிப் படி பெரும்பாலும் தாள் வேலைதான். ஆகவே இடத்தைத் தனியாகவும் பணத்தைத் தனியாகவும் தேடி அலையாதீர்கள். ஊதியத்தோடு கூடிய பணியிடத்தைத் தேடுங்கள்.

இந்தப் பணியிடங்களுக்கு டி.வி-எல் என்ற மாநில ஊதிய ஒப்பந்தத்தின் ஈ 13 பிரிவு பொருந்தும். ஹெஸ்ஸன் மாநிலத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம் உண்டு. 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பின் முழுப் பணிக்கான தொடக்க ஊதியம் வரிப் பிடித்தத்துக்கு முன் மாதம் ஏறத்தாழ 4,600 யூரோவாக இருந்தது. ஆனால் பொறியியல் துறைகளில்தான் முழுப் பணி வழக்கம். அறிவியல் துறைகளில் 65 அல்லது 75 விழுக்காடு என்றும், மொழி, வரலாறு போன்ற துறைகளில் பல சமயம் 50 விழுக்காடு என்றும் விளம்பரங்களில் காண்பீர்கள். 65 விழுக்காடு என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் ஆய்வேட்டுக்கான உழைப்பு அந்த நேரத்துக்குள் அடங்காது என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இது நியாயமான ஏற்பாடு என்று நான் கருதவில்லை. ஆனாலும் ஒருவர் சிக்கனமாக வாழ அந்த ஊதியம் போதும். மருத்துவக் காப்பீட்டில் ஏறத்தாழ பாதியை வேலை கொடுப்பவர் கட்டுகிறார், ஓய்வூதியக் கணக்கில் ஆண்டுகள் சேர்கின்றன, ஒப்பந்தம் முடிந்து வேலை இல்லாத காலம் வந்தால் அதற்கான காப்பீடும் இருக்கிறது. உதவித்தொகையில் இவை எதுவும் தானாக வராது. மாணவருக்கான குறைந்த காப்பீட்டுக் கட்டணமும் பொதுவாக முனைவர் ஆய்வாளருக்குக் கிடைப்பதில்லை என்பதால், உதவித்தொகை பெறுபவர் மாதம் 200 யூரோவுக்கு மேல் காப்பீட்டுக்கே ஒதுக்க வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால், கௌரவத்தைப் பார்த்து உதவித்தொகையைத் தேர்ந்தெடுக்காமல் பணியிடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வாய்ப்புகள் நீங்கள் இந்த நாட்டில் தங்கியிருக்கும் காலத்தைப் பொறுத்துத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கு, விண்ணப்பக் கடைசி நாளில் ஜெர்மனியில் 15 மாதங்களுக்கு மேல் தங்கியிருப்பவர்கள் பொதுவாகத் தகுதி பெறுவதில்லை. ஒன்றரை ஆண்டு ஆகிவிட்ட உங்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. அதற்காக முன்மொழிவு எழுதி வாரங்களைச் செலவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் நிதி அளிக்கும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா க்யூரி முனைவர் வலையமைப்புகளில் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் ஆய்வாளர்களை எடுக்கும் திட்டங்கள்) விதி வேறு மாதிரி: பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நிறுவனம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இதன்படி ஜெர்மன் நிறுவனங்களில் உள்ள அந்த இடங்கள் உங்களுக்கு இல்லை. ஆனால் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவீடன் நாடுகளில் உள்ளவை முழுமையாகத் திறந்திருக்கின்றன. நெதர்லாந்திலிருந்து வந்து உங்களோடு படிக்கும் வகுப்புத் தோழருக்குத் தன் சொந்த நாட்டில் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கலாம். ஐரோப்பிய ஆய்வுப் பணியிடங்களுக்கான யூராக்ஸஸ் இணையதளத்தில் இவை வெளியாகும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், ஹைன்ரிஷ் ப்யோல், கோன்ராட் ஆடனவர் முதலிய அறக்கட்டளைகளும் வெளிநாட்டினருக்கு உதவித்தொகை தருகின்றன. அவை மதிப்பெண்ணோடு சமூக ஈடுபாட்டையும் ஜெர்மன் மொழி அறிவையும் எதிர்பார்க்கின்றன. நெறியாளர் கிடைத்து நிதி மட்டும் கிடைக்காத நிலையில் அவற்றை நாடலாம்.

இனி, பதில் வராத மின்னஞ்சல்கள். நான் பணிபுரியும் ஆய்வுக்குழுவில் விண்ணப்பங்களைப் படிக்கும் பொறுப்பு எனக்கும் உண்டு. வருகிற கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பேராசிரியருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடியவை. உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் என்று தொடங்கி, எந்த ஆய்வு, ஏன் ஆர்வம் என்று சொல்லாமலேயே முடிந்துவிடுகின்றன. எழுதியவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுகொள்ள அந்தக் கடிதத்தில் எந்த வழியும் இல்லை. மாறாக, உங்கள் குழுவின் இந்தக் கட்டுரையில் மின்முனையின் மேற்பரப்பை இந்த முறையில் அளந்திருக்கிறீர்கள், அதே முறையை என் முதுநிலை ஆய்வில் நான் கையாண்டபோது இந்தச் சிக்கலைச் சந்தித்தேன், அதை இப்படி அணுகினேன் என்று நான்கு வரி எழுதுபவரின் கடிதம் படிக்கப்படும். அதன் கீழே, அடுத்த ஓராண்டுக்குள் தொடங்கவிருக்கும் திட்டத்தில் இடம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஒரே பி.டி.எஃப். கோப்பாக இணையுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதற்கும் வழி இருக்கிறது. ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி., தான் நிதி அளிக்கும் திட்டங்களை கெப்ரிஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடுகிறது. திட்டத் தலைப்பு, பொறுப்பாளர், தொடங்கிய ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். உங்கள் துறைச் சொற்களை இட்டுத் தேடி, அண்மையில் நிதி பெற்றவர்களைக் கண்டுபிடியுங்கள். புதிதாக நிதி பெற்றவருக்குத்தான் இப்போது ஆள் தேவைப்படும். பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடாமல், ஹெல்ம்ஹோல்ட்ஸ், மாக்ஸ் பிளாங்க், ஃப்ரௌன்ஹோஃபர், லைப்னிட்ஸ் ஆகிய ஆய்வு நிறுவனங்களையும் பாருங்கள். இவை பொதுவாகத் தாமே முனைவர் பட்டம் வழங்குவதில்லை. யூலிஷ் ஆய்வு மையத்தில் வேலை செய்து ஆஹன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுவதுபோல, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தே ஆய்வு நடக்கும். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு, அங்கே நெறியாளர் யார் என்பதை நேர்காணலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது, இந்தக் குழுவில் பட்டம் முடிக்க வழக்கமாக எவ்வளவு காலம் ஆகிறது என்ற கேள்விகளை அங்கே ஆய்வு செய்யும் மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள். பேராசிரியர் இல்லாத இடத்தில்தான் மனம்திறந்து பதில் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு அருகில் இருக்கும் வழி உங்கள் முதுநிலை ஆய்வேடுதான். அதை எந்தக் குழுவில் செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், எளிதாக முடியும் தலைப்பைத் தேடாமல், முனைவர் ஆய்வு செய்ய விரும்பும் குழுவில் செய்யுங்கள். அங்கேயே ஹிவி எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை கிடைத்தால் ஊதியம் குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆய்வகத்தில் உங்கள் வேலையைப் பார்த்த பேராசிரியர், பணியிடம் வரும்போது உங்களை நினைப்பார். தம்மிடம் நிதி இல்லையென்றால் மற்றொருவருக்கு உங்களைப் பற்றி எழுதுவார். இங்கே அந்தப் பரிந்துரைக்கு மதிப்பெண்ணைவிட எடை அதிகம்.

காலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். பட்டம் பெற்ற பின் வேலை தேடுவதற்கென 18 மாதம் வரை தங்கும் அனுமதி பெறலாம். ஆனால் அந்தக் காலத்தில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும், மாணவர் அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே சில நகரங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் தெரிந்ததும் அங்கே நேரம் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலின் வரைவை இந்த வாரம் எனக்கு அனுப்பினால், யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதோடு சேர்த்துப் படித்துவிட்டுத் திருத்தங்களைச் சொல்கிறேன்.