கேளுங்கள் சொல்கிறோம்: பால்போல் வெளுத்த வெள்ளிப் படலம்

குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சில் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) சேர்த்துப் படலம் செய்தோம். மஞ்சளாக வரும் என்றார்கள். கலவை பால்போல் வெளுத்து, காய்ந்தபின் ஊதா கலந்த சாம்பலாகிவிட்டது. எங்கே தப்பு?
- கல்லூரி மாணவி, ஆத்தூர்

தண்ணீரில்தான். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு, வெள்ளித் துகளுக்காக நீங்கள் விடும் சில்வர் நைட்ரேட்டோடு சேர்ந்து சில்வர் குளோரைடாக வெளுக்கும். வெளிச்சம் பட்டால் ஊதாச் சாம்பலாகும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது, கேன் தண்ணீர்கூட. ஸ்டார்ச்சையும் இரண்டு முறை அதிலேயே அலசுங்கள். கடைசி அலசல் நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் இன்னொரு அலசல்.

100 மி.லி. நீரில் 4 கிராம் ஸ்டார்ச், 1.2 கிராம் கிளிசரின். கிளிசரின் குறைந்தால் படலம் அப்பளமாக நொறுங்கும். கூடினால் கையில் ஒட்டும். கிளறியபடியே 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கஞ்சி கண்ணாடிபோல் தெளியும். அதன்பிறகே 0.1 கிராம் குளுக்கோஸ், பிறகு வெள்ளிக் கரைசல். இதற்குத் தேவை 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்தான், அதைத் துல்லியமாக நிறுப்பது கடினம். 170 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டை 100 மி.லி.யில் கரைத்து, 10 மி.லி. எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூட்டை விடாமல் கிளற, மெல்ல மஞ்சள் ஏறும். நானோ வெள்ளி 400-420 நானோமீட்டர் அருகே ஊதா, நீல ஒளியை விழுங்குவதால் வரும் நிறம் அது. பழுப்பு, சாம்பல் என்று போனால் துகள்கள் திரண்டுவிட்டன. வெள்ளியைக் கூட்டினால் இதுதான் நடக்கும்.

நுரை அடங்கியதும் 9 செ.மீ. பிளாஸ்டிக் பெட்ரி தட்டில் (ஆய்வகத்தின் ஆழமில்லாத வட்டத் தட்டு) 20 மி.லி. ஊற்றி, 40 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கனம் வரும். தட்டு சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் தடித்து, நிறமும் திட்டாகும். கையுறை மறக்காதீர்கள், சில்வர் நைட்ரேட் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும்.

கொலுசுப் பட்டறை வெள்ளித் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தே சில்வர் நைட்ரேட் தயாரிக்கலாமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். கரைசல் நீலம் பாய்ந்தால் அதுதான் காரணம். படலத்தின் நிறத்தை அளக்கும்போதும் அந்த நீலம் குழப்பும். கரைக்கும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஆய்வகத் தரச் சில்வர் நைட்ரேட்டே வாங்குங்கள். மீந்த கரைசலில் கல்லுப்பு போட்டு, அடியில் படியும் வெள்ளை வண்டலைத் தனியே சேர்த்து வையுங்கள். சாக்கடையில் கொட்டக் கூடாது.